செல்போன் கதிர்வீச்சு: ஆய்வுகள் சொல்வது என்ன, நாம் செய்ய வேண்டியது என்ன?

இன்றிரவு 12.30 மணி முதல் 3.30 மணி வரை காஸ்மிக் கதிர்கள் பூமிக்கு அருகில் கடந்து செல்கின்றன, செல்போனை அணைத்துத் தூரமாக வைத்துவிட்டுத் தூங்குங்கள் என்றொரு தகவல் பல வருடங்களாக வாட்ஸ்அப் குழுமங்களில் சுற்றி வருகிறது. நாசா சொன்னதாகவும் சிங்கப்பூர் தொலைக்காட்சி அறிவித்ததாகவும் அதில் இருக்கும். முழுக்கப் பொய்யான தகவல் அது. தேதி எதுவும் இல்லாமல் 'இன்றிரவு' என்று மட்டும் இருப்பதால், எப்போது வந்தாலும் புதிதாகவே தெரிகிறது.

நான்கு செல்போன்களை ஒரே நேரத்தில் ஒலிக்க வைத்தால் நடுவில் இருக்கும் மக்காச்சோளம் பொரிந்து பாப்கார்ன் ஆகிவிடும் என்று காட்டும் வீடியோவும் அப்படித்தான். 2008-ல் வெளிவந்த அந்த வீடியோக்கள், புளூடூத் ஹெட்செட் விற்கும் ஒரு நிறுவனம் தன் விளம்பரத்துக்காகத் தயாரித்தவை.

இத்தகைய பொய்களைப் பார்த்துப் பயப்படுபவர்கள் ஒருபக்கம். 'ஒன்றும் ஆகாது' என்று கைக்குழந்தையிடமும் போனைக் கொடுத்துவிடுபவர்கள் மறுபக்கம். வாப்பா வளைகுடாவிலும் பிள்ளைகள் ஊரிலுமாக வாழும் நம் குடும்பங்களில், உறவைப் பிணைத்து வைத்திருப்பதே செல்போன்தான். அதை விட்டுவிட முடியாது. ஆகவே, சுமார் முப்பது வருட ஆய்வுகள் உண்மையில் என்ன சொல்கின்றன என்பதை நாம் தெரிந்துகொள்வது அவசியம்.

எல்லாக் கதிர்வீச்சும் ஒன்றல்ல

'கதிர்வீச்சு' என்றதும் அணுகுண்டும் எக்ஸ்ரேயும் நினைவுக்கு வருவதால்தான் பாதிப் பயம். எக்ஸ்ரே, காமா கதிர்கள் போன்றவை நம் செல்களுக்குள் இருக்கும் மரபணுவை நேரடியாக உடைக்கும் ஆற்றல் கொண்டவை. புற்றுநோய்க்கு வழிவகுப்பது அந்த உடைப்புதான்.

செல்போன் பயன்படுத்துவது ரேடியோ அலைகளை. வானொலி, தொலைக்காட்சி ஒலிபரப்பு, வைஃபை எல்லாம் இதே குடும்பம். ஒரு ரேடியோ அலைத் துகளின் ஆற்றல், நம் வீட்டு விளக்கிலிருந்து வரும் வெளிச்சத் துகளின் ஆற்றலில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மரபணுவை உடைக்க அதற்குச் சக்தி கிடையாது. உடலில் அது ஏற்படுத்துவதாக உறுதியாகத் தெரிந்த விளைவு, திசுவை மிகச் சிறிதளவு சூடாக்குவது மட்டுமே. நெடுநேரம் பேசினால் காது சூடாவதற்குப் பெரும்பாலும் இது காரணமல்ல. பேட்டரியின் சூடும், போன் காதை மூடிக்கொண்டிருப்பதும்தான் காரணம்.

திசு ஏற்கும் ஆற்றலை அளக்கும் கணக்கை 'எஸ்.ஏ.ஆர்.' என்கிறார்கள். இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல் இதன் உச்சவரம்பு ஒரு கிலோ திசுவுக்கு 1.6 வாட் என்று நிர்ணயிக்கப்பட்டது. உங்கள் போனில் *#07# என்று அழுத்தினால் அந்தப் போனின் அளவைப் பார்க்கலாம்.

2011-ல் வந்த எச்சரிக்கை

'செல்போனால் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது' என்பார்கள். நடந்தது இதுதான். 2011 மே மாதம், அந்நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, 14 நாடுகளைச் சேர்ந்த 31 விஞ்ஞானிகளைப் பிரான்சின் லியோன் நகரில் கூட்டியது. அவர்கள் ரேடியோ அலைகளை '2பி' பிரிவில் சேர்த்தார்கள். 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற சந்தேகத்துக்கு இடமிருக்கிறது, சான்று போதுமானதாக இல்லை' என்பதே அதன் பொருள்.

இந்தப் பிரிவுகள் சான்றின் உறுதியைக் குறிப்பவை, ஆபத்தின் அளவை அல்ல. ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறிகளும் 2பி-யில்தான் இருக்கின்றன. 1991-ல் அதே பிரிவில் வைக்கப்பட்ட காபி, 2016-ல் அதிலிருந்து நீக்கப்பட்டது. மாறாக, புகையிலையும் மதுவும் பாக்கும் 'உறுதியாகப் புற்றுநோயை உண்டாக்கும்' முதல் பிரிவில் இருக்கின்றன. டவரைப் பார்த்துப் பயந்துகொண்டே வெற்றிலைப் பாக்கும் புகையிலையும் மெல்லுபவர், நிச்சயமான ஆபத்தை வாயில் வைத்துக்கொண்டு சந்தேகமான ஆபத்துக்கு அஞ்சுகிறார்.

மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள்

2011 முடிவுக்கு முக்கியக் காரணமாக இருந்தவற்றுள் ஒன்று, 13 நாடுகளில் நடந்து 2010-ல் வெளியான 'இன்டர்போன்' ஆய்வு. மூளைக்கட்டி வந்தவர்களிடமும் வராதவர்களிடமும் 'கடந்த வருடங்களில் எவ்வளவு நேரம் பேசினீர்கள்?' என்று கேட்டார்கள். மொத்தத்தில் ஆபத்து கூடவில்லை. ஆனால் மிக அதிகமாக, அதாவது மொத்தம் 1,640 மணி நேரத்துக்கு மேல் பேசியதாகச் சொன்னவர்களிடம் 'கிளையோமா' என்ற மூளைக்கட்டி 40 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது.

பயம் தரும் எண்தான். ஆனால் அதே ஆய்வில் விசித்திரமான இன்னொன்றும் இருந்தது. வழக்கமாகச் செல்போன் பயன்படுத்துபவர்களுக்கு, பயன்படுத்தாதவர்களைவிடக் கட்டி குறைவாக இருந்தது! செல்போன் மூளைக்கட்டியைத் தடுக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள். பத்து வருடத்துக்கு முன் எத்தனை நிமிடம் பேசினோம் என்று நம்மில் யாருக்குத்தான் நினைவிருக்கும்? நோய் வந்தவர், 'போன்தான் காரணமோ' என்ற எண்ணத்தில் கூட்டிச் சொல்லவும் வாய்ப்புண்டு. இத்தகைய பிழைகள் இருப்பதால் போன்தான் காரணம் என்று முடிவுகட்ட முடியாது என ஆய்வாளர்களே எழுதினார்கள்.

ஆகவே நினைவை மட்டும் நம்பாத ஆய்வுகள் தேவைப்பட்டன. டென்மார்க்கில் 1982 முதல் 1995 வரை செல்போன் இணைப்பு வாங்கிய 4,20,000-க்கும் மேற்பட்டவர்களைப் புற்றுநோய்ப் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள். பிரிட்டனில் 7,76,000 பெண்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். ஐரோப்பாவில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோரைத் தொடர்ந்த 'காஸ்மோஸ்' ஆய்வின் முடிவு 2024-ல் வந்தது. மூன்றிலும் செல்போன் பயன்பாட்டால் மூளைக்கட்டி கூடியதாகத் தெரியவில்லை.

பிள்ளைகளின் நிலை? 10 முதல் 24 வயது வரையிலானவர்களை மட்டும் வைத்து, இந்தியா உட்பட 14 நாடுகளில் 'மொபி-கிட்ஸ்' ஆய்வு நடந்தது. அதிலும் ஆபத்து கூடியதற்கான ஆதாரம் கிடைக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் ஏற்பாட்டில், 22 நாடுகளில் நடந்த 63 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த அறிக்கை 2024-ல் வெளியானது. பத்து வருடத்துக்கு மேல் செல்போன் பயன்படுத்தியவர்களிடமும் மூளைப் புற்றுநோய் கூடவில்லை என்றது அது. 1990-களுக்குப் பின் செல்போன் எண்ணிக்கை எத்தனையோ மடங்கு பெருகியும், நல்ல பதிவேடுகள் உள்ள நாடுகளில் மூளைப் புற்றுநோய் விகிதம் அதற்கேற்ப உயரவில்லை.

அப்படியானால் விஷயம் முடிந்ததா?

முழுமையாக முடியவில்லை. அமெரிக்க அரசின் தேசிய நச்சியல் திட்டம் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், ஆண் எலிகளின் இதயத்தில் ஓர் அரிய வகைக் கட்டி தோன்றியது. 2025-ல் வெளியான, விலங்கு ஆய்வுகளின் தொகுப்பு ஒன்றும் ஆண் எலிகள் விஷயத்தில் அதையே வலியுறுத்தியது. ஆனால் அமெரிக்க ஆய்வில் எலிகளின் முழு உடலிலும், தினமும் ஒன்பது மணி நேரம், இரண்டு வருடங்கள் அலைகள் செலுத்தப்பட்டன. அலைகளுக்கு உட்பட்ட ஆண் எலிகள், உட்படாதவற்றைவிட அதிக நாள் வாழ்ந்தன என்பது இன்னொரு புதிர்.

சுவிட்சர்லாந்தில் 2,886 இளைஞர்களிடம் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், அதிக முறை செல்போன் பயன்படுத்தியவர்களிடம் விந்தணுச் செறிவு சற்றுக் குறைவாக இருந்தது. ஆனால் போனைப் பேண்ட் பாக்கெட்டில் வைத்தவர்களுக்கும் வேறிடத்தில் வைத்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. புதிய தலைமுறை போன்கள் வர வர இந்தத் தொடர்பும் மங்கியது. போன்தான் காரணமா, அதிகம் போன் பயன்படுத்துபவரின் வாழ்க்கை முறை காரணமா என்பதை அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல இயலாது.

ஆகவே 'ஆபத்து உறுதி' என்பதும் தவறு, 'இனி ஆராய ஒன்றுமில்லை' என்பதும் தவறு. ஆபத்து ஏதேனும் இருந்தால், அது இத்தனை லட்சம் பேரிடம் தேடியும் தெளிவாகக் கண்ணில் படாத அளவுக்குச் சிறியது என்பதே இன்றைய நிலை.

டவரை விரட்டினால் என்ன ஆகும்?

நம் ஊர்களில் டவர் வைக்க வந்தால் மனு எழுதி, ஜமாஅத்தைக் கூட்டி எதிர்ப்பது வழக்கமாகிவிட்டது. இங்கேதான் பலர் அறியாத ஒரு விஷயம் இருக்கிறது.

நம் உடலுக்குக் கிடைக்கும் ரேடியோ அலையில் பெரும்பங்கு தூரத்து டவரிலிருந்து வருவதல்ல, காதில் ஒட்டிவைத்திருக்கும் போனிலிருந்து வருவது. அலையின் வலிமை தூரம் கூடக் கூட வேகமாகக் குறைந்துவிடும். மேலும், போன் எப்போதும் ஒரே அளவில் அலையை வெளியிடுவதில்லை. டவர் அருகில் இருந்து சிக்னல் நன்றாகக் கிடைத்தால் மெதுவாகப் பேசுகிறது. டவர் தூரத்தில் இருந்தால், எட்டத்தில் நிற்பவரைக் கூப்பிடுவதுபோலச் சத்தத்தைக் கூட்டுகிறது, அதாவது தன் முழு சக்தியையும் வெளியிடுகிறது. டவரை ஊருக்கு வெளியே தள்ளினால், ஊரில் உள்ள ஒவ்வொருவரும் காதருகே கூடுதல் அலையோடு பேச வேண்டிவரும்.

இதனால் டவர் எங்கு வேண்டுமானாலும் வரலாம் என்று அர்த்தமல்ல. டவரின் ஆண்டெனா பெரும்பாலும் கிடைமட்டமாக அலையை வீசுகிறது. அதற்கு நேர் எதிரே, அதே உயரத்தில், மிக அருகில் வீட்டு மாடி இருந்தால் கேள்வி கேட்பது நியாயம். டவர் கதிர்வீச்சுக்குச் சர்வதேசப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்கை இந்தியா 2012-ல் வரம்பாக வைத்தது. மத்திய தொலைத்தொடர்புத் துறையின் 'தரங் சஞ்சார்' இணையதளத்தில் நம் பகுதி டவர்கள் விதிக்கு உட்பட்டவையா என்று பார்க்கலாம். எதிர்ப்பதற்கு முன் அளந்து பார்க்கக் கோருவதே சரியான வழி.

'ரேடியேஷன் சிப்' என்று போனின் பின்னால் ஒட்ட விற்கும் ஸ்டிக்கர்களும் வீண்செலவு. அவை சிக்னலைத் தடுத்தால், போன் தன் அலையை இன்னும் கூட்டவே செய்யும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் எச்சரித்திருக்கிறது.

தலைவலியும் தூக்கமின்மையும்

அலைகளால் தலைவலி, படபடப்பு வருவதாகச் சொல்பவர்களை வைத்து, அலை இருக்கிறதா இல்லையா என்று அவர்களுக்கே தெரியாமல் 46 சோதனைகள் நடத்தப்பட்டன. அவற்றில் 1,175 பேர் பங்கேற்றார்கள். அலை இல்லாதபோதும், 'இருக்கிறது' என்று நினைத்தவர்களுக்குத் தலைவலி வந்தது. அவர்களுடைய வலி பொய்யல்ல. காரணம்தான் வேறு. ஆகவே தொடர்ந்து தலைவலி இருந்தால் டவரைக் குறை கூறிக்கொண்டு இருந்துவிடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரத்த அழுத்தமோ பார்வைக் குறைபாடோ காரணமாக இருக்கலாம்.

நாம் செய்ய வேண்டியவை

நெடுநேரம் பேசும்போது ஸ்பீக்கரிலோ இயர்போனிலோ பேசுங்கள். சில அங்குலம் தள்ளி வைத்தாலே தலைக்குப் போகும் அலை பெருமளவு குறைந்துவிடும்.

லிஃப்டிலும், ஓடும் ரயிலிலும், சிக்னல் குறைவான இடங்களிலும் நீண்ட பேச்சைத் தவிருங்கள்.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் போனைச் சட்டைப் பையில் வைக்கவேண்டாம். கருவியிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளியிருக்கட்டும்.

பிள்ளைகளின் மண்டையோடு மெல்லியது, அவர்கள் போனோடு வாழப்போகும் வருடங்களும் அதிகம். அவர்களுக்கு எச்சரிக்கை கூடுதலாக இருப்பதில் தவறில்லை. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அதற்குக் காரணம் அலை அல்ல. ஓடியாடும் நேரமும் தூக்கமும் பறிபோவதுதான்.

படுக்கையில் போன் வேண்டாம். தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடவே வேண்டாம். சூடாகித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்மையானது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டி ஓட்டும்போது போனைத் தொடாதீர்கள். வண்டி ஓட்டிக்கொண்டே செல்போன் பயன்படுத்துபவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு பேசியபடி பைக்கில் போகும் நம் பிள்ளையின் உயிருக்கு ஆபத்து அந்தப் போனின் அலையால் அல்ல, எதிரே வரும் லாரியால்தான்.

மூளைக்கட்டி வந்த ஒருவரின் குடும்பத்தாரிடம் போய், 'அதிகம் போன் பேசியதால்தான் வந்தது' என்று சொல்வதையும் நாம் நிறுத்த வேண்டும். ஆதாரம் இல்லாத அந்த வார்த்தை, ஏற்கனவே நொந்துபோயிருக்கும் ஒரு தாயைத் தன் பிள்ளையின் நோய்க்குத் தானே காரணம் என்று குமுற வைக்கும். கேட்ட செய்தியை உறுதி செய்துகொள்ளாமல் பரப்பக் கூடாது என்பது நமக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய பாடமல்ல. அடுத்த முறை 'இன்றிரவு 12.30 மணிக்கு' என்று தகவல் வந்தால், அதை அனுப்பியவருக்கு இந்த விவரங்களை எடுத்துச் சொல்வோம்.