ஆய்வுகூடங்களின் கதை – 9: கொப்பியை எப்போது மூடலாம்?

சென்ற வாரம் மாதிரிகளைக் காக்கும் குளிரூட்டிகளைப் பற்றிப் பார்த்தோம். மாதிரியைவிடப் பெறுமதியானது அதைப் பற்றிய குறிப்பு.

களனி கங்கை கடலில் விழும் இடத்துக்கு அருகே, மட்டக்குளி காக்கைத்தீவில் இருக்கிறது நாரா. 1981ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான, கடலையும் நீர்நிலைகளையும் ஆராயும் அரச நிறுவனம். 2021 மே 20 அன்று கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்ற கப்பல் தீப்பற்றியது. 1,486 கொள்கலன்கள், அவற்றில் 25 தொன் நைத்திரிக் அமிலம். கடல் நீரையும் மீன்களையும் பரிசோதித்தவர்களில் நாரா விஞ்ஞானிகளும் இருந்தார்கள்.

அந்த மே மாதக் கடல் நீரை இனி யாராலும் அள்ள முடியாது. எந்தப் போத்தல், எந்த இடம், எத்தனை மணி, யார் கைப்பட எடுத்தது என்ற எழுத்துத்தான் எஞ்சும். 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்தக் கப்பல் தரப்பு 100 கோடி டொலர் இழப்பீடு செலுத்தும்படி உத்தரவிட்டது. இப்படிப்பட்ட வழக்குகளில் ஆய்வுகூடக் குறிப்பும் சாட்சியாகிறது.

அதனால்தான் பக்க இலக்கமிட்ட கட்டுக் கொப்பி, அழியாத மை, தாள் கிழிக்கக் கூடாது, பிழையை ஒரு கோட்டால் மட்டும் வெட்ட வேண்டும், இன்னொருவர் கையெழுத்திட வேண்டும் என்ற கட்டுப்பாடுகள் எல்லாம் வந்தன. நல்ல கட்டுப்பாடுகள்தான். ஆனால் இன்று கருவிகள் தரும் அளவீடுகள் கோப்புகளாக வருகின்றன. அச்செடுத்துக் கொப்பியில் ஒட்டினால், மூலக் கோப்பு யாரோ ஒரு மாணவரின் மடிக்கணினியோடு வெளிநாடு போய்விடும். கணினியில் எழுதும் கொப்பியான மின்குறிப்பேட்டில் கோப்பு பதிவோடே இருக்கும். யார் எப்போது திருத்தினார் என்பதும் தானாகப் பதியும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் தம் சொந்த ஆய்வுகூடங்களுக்கு 2024 ஜூன் 30ஐக் கெடுவாக வைத்து, அதற்குப் பின் மின்குறிப்பேடு மட்டுமே என்றன.

நம் நாட்டில் மின்சாரம் போனால் என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. ஆனால் அதே மாதம் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகளும் பிற்போடப்பட்டன. எந்த நெருக்கடியிலும் ஒன்றையே நம்பியிருப்பதுதான் ஆபத்து. சட்டம் தடையில்லை, 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுப் பரிமாற்றச் சட்டம் மின்பதிவுகளை ஏற்கிறது. பணமும் பெருந்தடையில்லை, பாரிஸ் கியூரி நிறுவனத்தில் உருவான ஈலாப்எஃப்டிடபிள்யூ என்ற திறந்த மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் கிடையாது, சொந்தச் சேவையகத்திலேயே நிறுவலாம்.

நான் அஞ்சுவது பிரதியெடுக்காத பழக்கத்துக்குத்தான். 2023இல் அரச மேகக் கணினி மீது நடந்த கப்பத் தாக்குதலில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்தன. அந்தக் காலத்துக்குப் பிரதி இருக்கவில்லை.

மாதிரி எடுக்கப் போகும் படகில் நனையாத தாளும் பென்சிலும் இருக்கட்டும். கரை சேர்ந்த அன்றே அதைப் படம்பிடித்துப் பதிவேற்றுங்கள். பல்கலைக்கழகத் துறைத் தலைவர்களிடம் கேட்பது ஒன்றே: இரண்டு இடங்களில் பிரதி வைத்து, அதிலிருந்து ஒருமுறை மீட்டெடுத்துப் பார்த்த பிறகு கொப்பியை மூடுங்கள்.