வலிக்கும் தோளை வருத்தலாமா?

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில் அமைந்தது லைட்ஹவுஸ் குப்பம். அங்கும், சுற்றியுள்ள மற்றக் குப்பங்களிலும் பிழைப்பு என்பது தோளில்தான் இருக்கிறது. வீச்சு வலையை விரித்து எறியவும், ஆழமற்ற ஏரியில் கழி ஊன்றிப் படகைத் தள்ளவும், மீன்கூடையைத் தலைக்கு ஏற்றவும் தோளே துணை. ஆகவே நாற்பதைக் கடந்த ஒருவருக்குத் தோள் இறுகிப் போகுமாயின், அது அவர் ஒருவருடைய உடல் உபாதையாக நின்றுவிடுவதில்லை. அந்த வீட்டின் அடுப்பையும் அது தொடுகிறது.

தோள்பட்டை இறுக்கம் என்று நாம் சொல்லும் இந்நோய்க்கு ‘உறைந்த தோள்’ என்னும் பெயரை 1934-ஆம் ஆண்டில் சூட்டியவர் கோட்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர். தோள் மூட்டைச் சுற்றி மெல்லிய உறையொன்று உள்ளது. அது அழற்சியுற்று, தடித்து, சுருங்கிவிடுகிறது. முதலில் வலி, பிறகு இறுக்கம், பின்னர் மெல்ல மெல்லத் தளர்ச்சி. இந்தச் சுற்று முடிய ஓராண்டும் ஆகலாம், மூன்றாண்டும் ஆகலாம். தலை வாரவும், முதுகுப்புறம் கையைக் கொண்டுபோகவும் இயலாமல் போவதே பெரும்பாலும் முதல் அடையாளம். பெண்களுக்குச் சற்று மிகுதியாகவும், நீரிழிவுள்ளோருக்குப் பன்மடங்கு மிகுதியாகவும் வருகிறது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 100-க்கு 14 பேருக்கு நீரிழிவு உண்டென்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறுவதால், இதை அரிய நோயென்று ஒதுக்குவதற்கில்லை.

இதற்குச் சிறந்த துணை இயன்முறை மருத்துவம், அதாவது பயிற்சியாலும் கையாளுதலாலும் மூட்டை மீளப் பழக்குவது. ஆனால் ஒரே பயிற்சியைச் செய்யும் இருவரில் ஒருவர் தேறிவர, மற்றவர் கையைத் தொட்டாலே அலறுகிறார். வீட்டார் என்ன சொல்கிறோம்? “வலியைத் தாங்கினால்தானே கை வரும்?” என்கிறோம். இன்னும் சில வீடுகளில், “வேலைக்குப் பயந்து நடிக்கிறாள்” என்ற சொல்லும் வந்துவிடுகிறது. கையின் வலியைவிட அந்தச் சொல் ஆழமாய்த் தைக்கும்.

அது நடிப்பன்று. வலி என்பது புண்பட்ட இடத்திலிருந்து மூளைக்கு அப்படியே போய்ச் சேரும் தந்தியன்று. வழியில் முதுகுத்தண்டும் மூளையும் அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். வலிச்செய்தி ஓயாது வந்துகொண்டேயிருந்தால் முதுகுத்தண்டின் நரம்பணுக்கள் மிகை உணர்வு கொண்டு, சிறு செய்தியையும் பெரிதாக்கி அனுப்பத் தொடங்கும். இதை 1983-இல் கிளிஃபர்ட் வுல்ஃப் என்னும் அறிஞர் ஆய்வின் வழி எடுத்துக்காட்டினார். கோயில் ஒலிபெருக்கியின் ஒலியளவை யாரோ கூட்டி வைத்துவிட்டால், மெல்லப் பேசினாலும் காது அடைக்கிறதல்லவா? அதைப் போன்றதே இது. இத்தகையோருக்கு வலி தோளோடு நில்லாமல் கழுத்துக்கும் முழங்கைக்கும் பரவும். இலேசாக அழுத்தினாலும் வலிக்கும். பயிற்சியால் எழுந்த வலி மறுநாளும் அடங்காது. உறக்கமின்மையும் கவலையும் அதற்கு நெய் ஊற்றும்.

இங்கேதான் சிகிச்சை தடம் மாறுகிறது. வலிக்குப் பயந்து தோளைச் சுற்றியுள்ள தசைகள் தாமாகவே இறுகிக் காவல் நிற்கின்றன. கை உயராததைக் கண்டவர், மூட்டுறைதான் இவ்வளவு சுருங்கியிருக்கிறது என்றெண்ணி மேலும் அழுத்துகிறார். தசை மேலும் இறுகுகிறது. 2018-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், தோள் உறைந்த ஐந்து பேருக்கு மயக்க மருந்து கொடுத்தபின் கையைத் தூக்கிப் பார்த்தார்கள். விழித்திருந்தபோது மறுத்த கை, மயக்கத்தில் வெகுவாக உயர்ந்தது! உறையின் சுருக்கம் மட்டுமே காரணமாயின் அவ்வாறு நிகழ்ந்திராது. ஐந்து பேரை வைத்து எல்லாருக்கும் முடிவு கட்டலாகாதுதான். எனினும் அது எண்ணிப் பார்க்கத்தக்கது.

நெதர்லாந்தில் 77 நோயாளிகளைக் கொண்டு செய்து 2004-இல் வெளியிட்ட ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. ஒரு சாராருக்கு வலியின் எல்லையைக் கடந்தும் இழுத்துப் பயிற்சி தந்தார்கள். மறு சாராருக்கு நோயை விளக்கிச் சொல்லி, வலி அனுமதிக்கும் அளவிலேயே கையை அசைக்கச் செய்தார்கள். இரண்டாண்டு முடிவில் முதல் சாராரில் 100-க்கு 63 பேரும், மறு சாராரில் 89 பேரும் ஏறக்குறைய இயல்பான தோளைப் பெற்றிருந்தனர். அது வலியுணர்வு மிகுந்தோரை மட்டும் தெரிந்தெடுத்த ஆய்வன்று. ஆயினும் எல்லாருக்குமே முரட்டுத்தனம் உதவவில்லையென்றால், இவர்களுக்கு அது எங்ஙனம் உதவும்? பிசைந்து இழுத்துவிடுவோர் ஊர்தோறும் உண்டு. சுளுக்குக்கு அவர்கள் கைராசி எப்படியோ, அழன்றிருக்கும் உறைந்த தோளை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டாமென்றே சொல்வேன்.

அதற்காகக் கையைத் தூளியில் கட்டி வைத்துவிடுவதும் தவறு. அசையாத மூட்டு மேலும் இறுகும், அச்சமும் வளரும். வலி மிகுந்தோருக்குப் பயிற்சியின் அளவையே மாற்ற வேண்டும். ஒரேயடியாக அரைமணி நேரம் செய்வதைவிட, நாளில் பலமுறை இரண்டு மூன்று நிமிடம் செய்வது நலம். வெந்நீர் ஒற்றடம் கொடுத்தபின், மேசையை ஒரு கையால் பற்றிக் குனிந்து, நோயுற்ற கையைக் கடிகார ஊசல்போல் தளரத் தொங்கவிட்டு ஆட்டுவது நல்ல தொடக்கம். பயிற்சியின்போது சிறிது வலித்து, அன்று இரவுக்குள் அது தணிந்தால் அளவு சரி. மறுநாளும் நீடித்தால் குறைத்துக்கொள்ள வேண்டும், நிறுத்திவிட வேண்டியதில்லை. தொடக்க நாட்களில் மூட்டினுள் இடும் ஸ்டீராய்டு ஊசி வலியைத் தணித்துப் பயிற்சிக்கு வழிவிடலாம். நீரிழிவுள்ளோருக்கு அதனால் சில நாள் சர்க்கரை ஏறும் என்பதை மருத்துவரிடம் கேட்டறிந்து கொள்க.

எல்லாத் தோள்வலியும் தோளின் நோயன்று என்பதையும் மறவாதீர். நெஞ்சு அடைப்போ வியர்வையோ மூச்சுத் திணறலோ கூட இருந்தால் அது இதயத்தைப் பற்றியது. உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். விழுந்து அடிபட்ட பின் கை தூக்க வராவிட்டால் தசைநார் அறுந்திருக்கலாம்.

குப்பத்திலிருந்து சிகிச்சைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடுகிறது என்பதே பலர் பாதியில் விடுவதற்குக் காரணம். தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை மருத்துவமும் சேர்க்கப்பட்டது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைப் பற்றி விசாரியுங்கள். வருபவரிடம், எப்போது வலிக்கிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, இரவில் உறக்கம் உண்டா என்பனவற்றைக் கூச்சமின்றிச் சொல்லுங்கள். அதைக் கொண்டே அவர் பயிற்சியை அளந்து தர இயலும். இரவில் வலிக்கும் பக்கம் படுக்காமல், அந்தக் கையின் கீழ் மடித்த பழஞ்சேலை ஒன்றை அணையாக வைத்துப் பாருங்கள்.