ஏத்தத்துப் புகையும் எறக்கத்துப் புகையும்

மலைப்பாதை வாகனங்கள் – 9

பழைய மோரிஸ் மைனர் ஒன்று நீலமாகப் புகைக்கிறது என்று கராஜுக்குக் கொண்டுபோனால், விஷயம் தெரிந்த பாஸ் பொனட்டில் கை வைக்கும் முன்னமே கேட்டுவிடுவார்: “ஏத்தத்துல வருதா அண்ணே, எறக்கத்துல வருதா?”

சமதரையில் கார் ஓட்டுகிறவருக்கு இந்தக் கேள்வி வேடிக்கையாகப் படலாம். பூண்டுலோயாக்காரருக்கு அப்படியில்லை. இங்கிருந்து தவலந்தென்னைக்கு இறங்கி, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுகிற ஒரே பயணத்தில் எஞ்சின் இரண்டு பரீட்சைகளுக்கு உட்காருகிறது. இறங்கும்போது கால் எக்ஸிலேட்டரில் இல்லை. காபரேட்டரின் தட்டு மூடியிருக்க, கியரின் பிடியில் எஞ்சின் மட்டும் வேகமாகச் சுழல்கிறது. அப்போது உள்ளிழுக்கும் குழாயில் வெற்றிடம் மிக உச்சத்தில் நிற்கும். வால்வு கைட் தேய்ந்திருந்தால் மேலே இருக்கும் ஒயிலை அந்த வெற்றிடம் சொட்டுச்சொட்டாகக் கீழே இழுத்துக்கொள்ளும். அடிவாரத்துக்கு வந்து மறுபடி எக்ஸிலேட்டரை மிதித்ததும் சேர்ந்திருந்த ஒயில் எல்லாம் ஒரே மூச்சில் எரிந்து பின்னால் நீலப் படலமாக விரியும். ஏற்றத்தில் கதை வேறு. அங்கே தட்டு முழுதாகத் திறந்திருக்கும், வெற்றிடம் குறைவு, சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகம். அந்த நேரத்தில் விடாமல் புகைத்தால் பெரும்பாலும் பிஸ்டன் ரிங்கும் போரும்தான் தேய்ந்திருக்கின்றன. முதலாவது, சிலிண்டர் ஹெட்டைக் கழற்றினால் தீர்கிற வேலை. இரண்டாவதற்கு எஞ்சினையே இறக்கிப் பிரிக்க வேண்டும். ஒரு கேள்வியில் செலவு பத்து மடங்கு மாறிவிடுகிறது.

கடந்த வாரம் கொழுந்து லொறிகளைப் பார்த்தோம். அவற்றின் டீசல் எஞ்சினோடு ஒப்பிட்டால் மைனரின் பெற்றோல் எஞ்சின் கைக்கு அடக்கமான சாமான்தான். மைனர் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சிக்கு வந்தபோது அதற்குள் இருந்தது 918 சிசி பக்கவால்வு எஞ்சின், பழைய காலத்துச் சரக்கு. காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ், பின்னாளில் மினியைத் தந்த அதே ஆள். ஒஸ்டினும் மோரிஸும் 1952இல் பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷன் என்று ஒன்றானதும், ஒஸ்டின் ஏ30க்காக 1951இல் செய்த 803 சிசி எஞ்சின் மைனருக்குள் வந்தது. இதுதான் ஏ-சீரிஸ். 1956இல் 948 சிசி, 1962இல் 1098 சிசி என்று அது வளர்ந்தது. மைனர் 1971இல் நின்றுபோனது, எஞ்சின் நிற்கவில்லை. 2000ஆம் ஆண்டில் கடைசிப் பழைய மினி வெளிவரும்வரை ஓடியது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: உங்கள் அம்பாசிடரில் நெடுங்காலம் இருந்த 1489 சிசி எஞ்சின் இதன் மூத்த உறவு, பி-சீரிஸ்.

இரும்பு வார்ப்பில் பிளொக், இரும்பு வார்ப்பில் ஹெட், நான்கு சிலிண்டர், கிராங்கைத் தாங்க மூன்றே மெயின் பேரிங். நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து உள்ளே வர இரண்டு வாசல், வெளியே போக மூன்று வாசல். நடுவிலுள்ள இரண்டு சிலிண்டரும் ஒரே வாசலால் புகை விடுகின்றன. ஹெட்டில் அதிகம் சுடுகிற இடமும் அதுவே. 948 எஞ்சினுக்கு நிமிடத்துக்கு 4750 சுற்றில் 37 குதிரைத்திறன், 1098க்கு 5100 சுற்றில் 48 என்று கம்பனிக் கையேடு சொல்லும். அது கடல் மட்டத்துக் கணக்கு. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போய்விடும், காற்று மெலிவதால். 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் அந்த 37 குதிரையில் முப்பதுதான் மிஞ்சும். ஐந்து பேர், கூரையில் ஒரு மூட்டை, கொண்டை ஊசி வளைவு, முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் கிடையாது. வளைவில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒன்றுக்குத் தட்ட டபுள் கிளட்ச் பழகியிருக்க வேண்டும். பழகாதவர் கியர்பொக்ஸின் சத்தத்திலேயே தெரிந்துவிடுவார்.

948 நல்லதா, 1098 நல்லதா என்று ஹயர் ஓடியவர்கள் இன்றைக்கும் வாதாடுவார்கள். 948 இலகுவாகச் சுழலும், 1098இன் நீண்ட கிராங்க் வேகத்தில் அதிரும் என்பது உண்மை. மலைக்கு வேண்டியது வேகமில்லை, இழுவை. 948இன் முறுக்குவிசை 50 இறாத்தல்-அடி, 1098க்கு 60. பின் அச்சின் பல் விகிதம் முறையே 4.555, 4.22. பெருக்கிப் பார்த்தால் டொப் கியரில் சில்லுக்குப் போகிற விசை 1098இல் ஒன்பதில் ஒரு பங்கு கூட. கொழும்புக்கு விரட்டிக்கொண்டு போகிறவர் 948ஐ வைத்துக்கொள்ளட்டும். இந்தப் பக்கத்துக்கு என் வாக்கு 1098க்குத்தான்.

மலையில் இந்த எஞ்சினைக் கொல்வது வயதைவிட வெப்பம். மைனரின் டேஷ்போர்ட்டில் வேகமானி உண்டு, பெற்றோல் முள் உண்டு, ஒயில் விளக்கு உண்டு. தண்ணீர் எவ்வளவு சுடுகிறது என்று காட்ட ஒன்றுமில்லை. நுவரெலியா உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 பாகைக்குள்ளேயே கொதிக்கும். ரேடியேட்டரின் 7 இறாத்தல் மூடிதான் அதைப் பத்துப் பாகைக்கு மேல் தள்ளிப்போடுகிறது. மூடியின் ரப்பர் காய்ந்துபோனால் அந்த ஆதாயம் முழுதும் போச்சு. வண்டி கொதிக்கிறது என்று ரேடியேட்டரை மாற்றிப் பணத்தைத் தொலைத்தவர்கள், மூடியை மாற்றிப் பார்த்தார்களா என்று கேட்டால் விழிப்பார்கள்.

அடுத்த வில்லன் விரல் நீளத்துக்கும் குறைவான ஒரு ரப்பர் துண்டு. வோட்டர் பம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே, தேர்மோஸ்டாட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும் பைபாஸ் ஹோஸ். அதில் ஊசித்துளை விழுந்தால் தண்ணீர் தூறலாகப் பறந்து ஆவியாகிவிடும், தரையில் ஒரு சொட்டும் விழாது. முறைப்படி மாற்ற பம்பையோ ஹெட்டையோ கழற்ற வேண்டும். அதற்குப் பொறுமையில்லாமல் வளைத்துத் திணிக்கக்கூடிய மடிப்பு ஹோஸைப் போடுவார்கள். அது அவசரத்துக்குச் சரி. அதையே நம்பி வருஷக்கணக்கில் ஓடக்கூடாது. தண்ணீர் குறைந்து எஞ்சின் ஒருமுறை நன்றாகச் சுட்டுவிட்டால் ஹெட் வளைந்து, நடு இரண்டு சிலிண்டருக்கிடையே கேஸ்கட் போகும். ஹெட்டைத் திரும்பப் பூட்டும்போது நடுவிலிருந்து தொடங்கி 40 இறாத்தல்-அடிக்கு முறுக்க வேண்டும். இன்னொரு சூட்சுமம்: ரொக்கர் சாஃப்டைப் பிடிக்கிற நட்டுகளில் சில ஹெட்டையும் பிடிக்கின்றன. ரொக்கரில் ஏதோ சின்ன வேலை என்று தண்ணீரை வடிக்காமல் அவற்றைத் தளர்த்தினால், நல்லபடி இருந்த கேஸ்கட்டும் கெட்டுவிடும்.

கேஸ்கட் போனதாக ஒரு பொய்யான அடையாளமும் மலையில் உண்டு. ஒயில் மூடியைத் திறந்தால் உட்புறம் பால்தேத்தண்ணி நிறத்தில் பசை ஒட்டியிருக்கும். உடனே ஹெட்டைக் கழற்றச் சொல்கிற பாஸை நம்பாதீர்கள். டவுனுக்கும் தோட்டத்துக்கும் கிட்டக்கிட்ட ஓடுகிற கார், பனிக்குளிரில் சரியாகச் சூடேறவே ஏறாது. உள்ளே படிகிற ஈரம் ஒயிலோடு கலந்து அந்தப் பசையாகிறது. ஒயில் கோலை இழுத்துப் பாருங்கள். கோலில் ஒயில் தெளிவாக இருந்து, ரேடியேட்டரில் குமிழி வராமல், தண்ணீரும் குறையாமல் இருந்தால் கேஸ்கட் நலம். கம்பளைவரை ஒருதரம் நன்றாக ஓட்டிவிட்டு வந்தால் பசை பெரும்பாலும் கரைந்துவிடும்.

நிறுத்திவைக்கும்போதுகூட சரிவு சும்மா இருப்பதில்லை. கிராங்கின் பின்முனையில் இன்றைய கார்களில் இருப்பது போன்ற ரப்பர் சீல் இந்த எஞ்சினுக்கு இல்லை. அதற்குப் பதிலாக கிராங்கிலேயே ஒரு திருகு வரி வெட்டியிருக்கிறார்கள். கிராங்க் சுழலும்போது அந்த வரி ஒயிலை உள்பக்கமே தள்ளிவிடும். எஞ்சின் நின்றால் வரியும் நின்றது. தோட்டத்துப் பாதையில் மூக்கை மேல்நோக்கி இரவு முழுவதும் நிறுத்தினால் ஒயில் பின்பக்கம் தேங்கி, அந்த இடைவெளியால் கிளட்ச் பெட்டிக்குள் கசியும். காலையில் ஏற்றத்தில் எஞ்சின் இரைகிறது, கார் நகரவில்லை. கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது என்று புதிதாகப் போட்டு, இரண்டு மாதத்தில் அதையும் ஒயிலில் ஊறவிட்டவர்கள் உண்டு. மூக்கைக் கீழ்நோக்கித் திருப்பி நிறுத்துவதற்குக் காசு கேட்பாரில்லை.

பெற்றோல் பம்ப் எஸ்யு கம்பனியின் மின்பம்ப். சாவியைத் திருப்பியதும் டிக்டிக்கென்று அடித்து, நிரம்பியதும் அடங்கும். அடிக்கவேயில்லை என்றால் உள்ளே பொயின்ட் கருகியிருக்கிறது. ஸ்பேனரின் பிடியால் லேசாக ஒரு தட்டு தட்டினால் வீடுவரை போகலாம். விடாமல் அடித்தால் பெற்றோல் வரவில்லை என்று அர்த்தம். நீண்ட ஏற்றத்துக்குப் பிறகு தேத்தண்ணிக்கு நிறுத்தி, திரும்ப ஸ்டார்ட் ஆகாமல் விடாது அடித்தால், சூட்டில் குழாய்க்குள் பெற்றோல் ஆவியாகியிருக்கும். ஈரத்துணி சுற்றிப் பத்து நிமிடம் காத்திருந்தால் போதும்.

இவ்வளவு நோயுள்ள எஞ்சின் எப்படி இத்தனை காலம் இங்கே ஓடியது? ஒரு காரணம் அரசியல். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி கிட்டத்தட்ட நின்றது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும்வரை, இருந்ததைப் பழுதுபார்த்தே ஓட்டவேண்டியிருந்தது. துரைமாரின் பங்களாவிலிருந்து டாக்டருக்கும், அவரிடமிருந்து ஹயர்காரருக்கும் கைமாறிய மைனர்கள் அப்படித்தான் பிழைத்தன. பாஸ்மார் கற்றதும் அந்தப் பதினைந்து சொச்சம் ஆண்டுகளில்தான். போர் அடித்து 20, 30, 40 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெருப்பித்த பிஸ்டன் போடுவது, கிராங்கைக் கடைந்து மெல்லிய பேரிங் பூட்டுவது எல்லாம் அன்றாடத் தொழிலாகின. கிடைக்காத சாமானுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தை இருந்தது. பின்னர் காற்று எதிர்ப்பக்கமும் வீசியது. இங்கிலாந்தில் பாத் நகரத்து மோரிஸ் மைனர் சென்டரை நடத்திய சார்ல்ஸ் வேர், மைனருக்கான உதிரிப்பாகங்களை இலங்கையிலேயே செய்வித்து அங்கே கொண்டுபோனார்.

இன்று மைனர் வாங்க நினைக்கிறவர் முதலில் கேட்கவேண்டியது ஹெட்டைப் பற்றி. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. ஏ-சீரிஸ் ஹெட்டில் புகை வால்வு உட்காரும் இருக்கை வெறும் வார்ப்பிரும்பு. அது தேயாமல் காத்தது அந்த ஈயப் படிவுதான். ஈயம் போனபின் பாரம் இழுக்கும் வண்டிகளில் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக இருக்கைக்குள் புதைகிறது. டெபட் சத்தம் கூடினால் யாரும் கவனிப்பார்கள். இங்கே சத்தம் குறைகிறது, எஞ்சின் அமைதியாகிவிட்டது என்று சொந்தக்காரர் சந்தோஷப்படுகிறார். உள்ளே 12 தௌ இருக்கவேண்டிய டெபட் இடைவெளி சுருங்கிக்கொண்டே போய், ஒருநாள் வால்வு மூடாமலே எரியும். சரிசெய்து ஆயிரம் மைல் ஓடுவதற்குள் இடைவெளி மறுபடி சுருங்கினால் சந்தேகமே வேண்டாம். ஹெட்டைக் கடைந்து கெட்டி உருக்கு இருக்கை பதிக்க வேண்டும். புகை வால்வு நான்குக்கும் பதித்தால் போதும். உள்வால்வுக்கு அந்தச் செலவு வீண். அதே வேலையில் கைட்டையும் மாற்றச் சொல்லுங்கள், ஹெட் எப்படியும் மேசையில்தானே கிடக்கிறது.

(அடுத்த வாரம்: பிரேக்)