சூரிய ஒளியா, அணுவா: நிலமற்றோரைக் கணக்கில் கொள்ளாத விவாதம்

எதிர்கால மின்சாரம் சூரிய ஒளியிலிருந்தா, அணுவிலிருந்தா என்ற விவாதம் பெரும்பாலும் மூன்று கேள்விகளோடு முடிந்துவிடுகிறது. ஒரு யூனிட்டின் விலை என்ன? கரியமில வாயு எவ்வளவு குறையும்? இரவிலும் மின்சாரம் கிடைக்குமா? இம்மூன்றும் தேவையான கேள்விகளே. ஆனால் இழப்பு யார் தலையில் விழுகிறது, அவர்களைப் பாதிக்கப்பட்டவர்களாகச் சட்டம் ஏற்கிறதா என்ற நான்காவது கேள்வியையும் நாம் எழுப்பியாக வேண்டும்.

அணுமின் ஆதரவாளர்களின் வாதத்தில் உண்மை உண்டு. அணுஉலை இரவும் பகலும் இயங்கும். ஓர் ஆண்டில் தன் திறனில் 80 விழுக்காட்டுக்கு மேல் மின்சாரம் தர வல்லது. சூரிய மின் நிலையம் தருவதோ ஏறத்தாழ 20 முதல் 25 விழுக்காடுதான். நிலத்தேவையும் பெரிது. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் நிலையத்துக்கு ஏறத்தாழ 2,500 ஏக்கர் தேவைப்பட்டது.

எனினும் காலமும் செலவும் மறுபக்கம் நிற்கின்றன. கமுதி நிலையம் 2016இல் சுமார் 8 மாதங்களில் கட்டி முடிக்கப்பட்டது. கூடங்குளத்தின் 3, 4ஆம் அலகுகளின் கட்டுமானம் 2017இல் தொடங்கியது. 2025 முடிந்தபோதும் அவை மின் உற்பத்தியைத் தொடங்கவில்லை. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாட்டின் சூரிய மின் நிறுவுதிறன் ஒரு லட்சம் மெகாவாட்டைக் கடந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக இயங்கிவரும் அணுமின் துறையின் நிறுவுதிறன் அப்போது 8,180 மெகாவாட் மட்டுமே. இரவுத் தேவைக்கு மின்கலச் சேமிப்பும் நீரேற்று நிலையங்களும் காற்றாலைகளும் துணை நிற்கத் தொடங்கியுள்ளன.

ஆனால் அணுமின்சாரத்தை மறுப்பதற்கு விலையைவிட வலுவான காரணம் அதன் இழப்பின் தன்மை. 2011இல் ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். பணக்கார நாடான ஜப்பானிலேயே பல ஆண்டுகளாகியும் ஊர் திரும்ப முடியாதோர் ஏராளம். பட்டாவும் சேமிப்பும் இல்லாமல், ஊரோடு பிணைந்த அன்றாடக் கூலியை நம்பி வாழும் குடும்பத்தை அப்படி இடம்பெயர்த்தால் அது எங்கே போய் நிற்கும்?

சட்டம் இதற்குத் தந்த விடை என்ன? 2010ஆம் ஆண்டின் அணுவிபத்துப் பொறுப்புச் சட்டம், நிலையத்தை இயக்குபவரின் பொறுப்புக்கு 1,500 கோடி ரூபாய் என உச்சவரம்பிட்டது. உபகரணம் குறைபாடுடையதாக இருந்தால், அதை வழங்கிய நிறுவனத்திடம் இழப்பீட்டுத் தொகையை இயக்குபவர் திரும்பக் கோரலாம் என்ற ஒரு பாதுகாப்பையேனும் அது வைத்திருந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி சட்டம் அப்பழைய சட்டத்தை நீக்கியது. அந்தப் பாதுகாப்பையும் கைவிட்டது. தனியாருக்கும் அணுமின் துறையைத் திறந்துவிட்டது. கூடங்குளம் வழக்கில் 2013 மே 6 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பொது நலனை முன்னிறுத்தி மக்களின் அச்சத்தைப் பின்னுக்குத் தள்ளியது. பயன்படுத்தப்பட்ட எரிபொருளை உலைக்கு வெளியே சேமிக்கும் கட்டமைப்புக்கான காலக்கெடு 2018இல் நீட்டிக்கப்பட்டது. தலைமுறைகளுக்கும் நீடிக்கும் கழிவின் பொறுப்பு, காலக்கெடு நீட்டிப்புகளில் தள்ளிப்போடப்படுகிறது.

ஆகவே சூரிய ஒளியே நம் தேர்வு. ஆனால் அது இன்று நடைமுறைப்படுத்தப்படும் விதத்தை அப்படியே ஏற்க இயலாது.

கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் உள்ள பாவகடா சூரிய மின் பூங்காவைப் பார்ப்போம். ஏறத்தாழ 13,000 ஏக்கர், 2,050 மெகாவாட். இங்கே நிலம் கையகப்படுத்தப்படவில்லை, குத்தகைக்கு எடுக்கப்பட்டது. தொடக்கத்தில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என நில உடைமையாளருக்கு வாடகை கிடைத்தது. வறண்ட வட்டாரத்தில் இது நியாயமான ஏற்பாடு என்று பாராட்டப்பட்டது. ஆனால் அந்நிலங்களில் களையெடுத்தும் அறுவடை செய்தும் பிழைத்தவர்களுக்கும், அங்கே ஆடு மேய்த்தவர்களுக்கும் வாடகையில் பங்கில்லை. பூங்காவில் கிடைக்கும் புல் வெட்டுதல், தகடு கழுவுதல், காவல் போன்ற வேலைகள் அத்தனை பேருக்கும் போதா.

இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்போர் உண்டு. நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு, சாகுபடிப் பரப்பில் அவர்கள் கையில் இருப்பது ஏறத்தாழ 9 விழுக்காடுதான். 2011 கணக்கெடுப்பின்படி, பட்டியல் சாதித் தொழிலாளர்களில் பாதியை நெருங்குவோர் விவசாயக் கூலிகள். நிலம் உள்ளவருக்கு வாடகை, உழைத்தவருக்கு ஒன்றுமில்லை என்ற ஏற்பாடு, சாதியின் பெயரைச் சொல்லாமலேயே சாதியின் வேலையைச் செய்துவிடுகிறது.

2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் 3(c) பிரிவு, நிலமற்ற விவசாயத் தொழிலாளர், குத்தகைதாரர், வாரதாரர் ஆகியோரையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்று ஏற்கிறது. போராட்டங்களின் விளைவாக வந்த அங்கீகாரம் இது. அரசு கையகப்படுத்தாமல் நிறுவனமே நேரடியாகப் பேசி நிலத்தை வாங்கினால், மாநில அரசு வகுக்கும் வரம்பைத் தாண்டும்போது மட்டுமே 46ஆம் பிரிவின்படி மறுவாழ்வுக் கடமை எழும். குத்தகையைப் பற்றி அப்பிரிவு பேசவில்லை. மேலும், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ், சூரிய ஒளித் தகடு மின் திட்டங்களுக்கு முன் அனுமதி தேவையில்லை. எனவே மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் இல்லை. கூடங்குளத்தின் 3 முதல் 6 வரையிலான அலகுகளுக்கு 2007இல் ஒரு கூட்டமாவது நடந்தது. தூய்மையான மின்சாரம் என்ற பெயரால் அந்த மேடையும் இல்லாமற் போயிற்று.

அணுவின் பேரிழப்பு நேர்ந்தபின் திருத்த முடியாதது. சூரிய மின்சாரத்தின் அநீதியோ சட்டத்தாலும் போராட்டத்தாலும் திருத்தக்கூடியது. அதற்கு நான்கு கோரிக்கைகள் போதும்.

ஒன்று: குறிப்பிட்ட பரப்பைத் தாண்டும் சூரிய மின் திட்டம் எதுவாயினும், நிலம் வாங்கப்பட்டாலும் குத்தகைக்கு எடுக்கப்பட்டாலும், சமூகத் தாக்க மதிப்பீடும் கிராம சபைக் கூட்டமும் கட்டாயமாக்கப்பட வேண்டும். இரண்டு: வாடகையில் ஒரு பங்கு நிலமற்ற குடும்பங்களுக்கு மாதந்தோறும் சேர வேண்டும். மூன்று: திட்டப் பரப்பில் பஞ்சமி நிலம் உள்ளதா என்பதை வருவாய்த்துறை ஆவணங்களைக் கொண்டு முன்கூட்டியே சரிபார்த்து வெளியிட வேண்டும். நான்கு: சொந்த வீட்டின் கூரையை அடிப்படையாகக் கொண்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், தகடுகளைத் தாங்கும் கூரையற்ற வீடுகள் விடுபடுகின்றன. அவர்களுக்காகச் சேரிப்பகுதிகளின் பள்ளி, சமுதாயக்கூடக் கூரைகளில் கூட்டுறவு உடைமையாக மின் நிலையங்கள் அமைய வேண்டும்.

உங்கள் மாவட்டத்தில் சூரிய மின் திட்டம் வருகிறதென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் முதலில் நில அளவை எண்களைக் கேளுங்கள். அடுத்து, அந்நிலங்களில் கடந்த மூன்று ஆண்டுகளாக வேலை செய்தோரின் பட்டியலை நீங்களே ஊருக்குள் சென்று தயாரியுங்கள். 3(c) பிரிவு நிலமற்றோருக்கு வைக்கும் கால அளவு அதுவே. நாளை நீதிமன்றப் படியேறும்போது அந்தப் பட்டியல்தான் முதல் சான்றாவணமாக இருக்கும்.