எண்ணிக்கையும் காரணமும்: தானியில் ஹார்ம்ஸின் குழந்தைப் பிரதிகள்

தானியில் ஹார்ம்ஸைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக அவரை இரண்டு ஆளாகப் பிளந்துகொள்கிறார்கள். வயிற்றுப்பாட்டுக்காகக் குழந்தைகளுக்குப் பாட்டும் கதையும் எழுதிக்கொடுத்த லெனின்கிராட் எழுத்தாளர் ஒருத்தர். யாரும் அச்சிடப்போவதில்லை என்று தெரிந்தே மேசை இழுப்பறைக்குள் எழுதிப்போட்ட அபத்தவாதி இன்னொருத்தர். முன்னவர் பின்னவருக்கு மாட்டிய முகமூடி, அவ்வளவுதான் என்று விஷயத்தை முடித்துவிடுகிறார்கள். இதற்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. 1905இல் பீட்டர்ஸ்பர்க்கில் யுவச்சேவ் என்ற பெயரில் பிறந்த இந்த மனிதரின் பெரியவர்களுக்கான எழுத்தில், வாழ்நாளில் அச்சேறியவை இரண்டே இரண்டு கவிதைகள். மற்றபடி அவரைச் சோறு போட்டுக் காப்பாற்றியவை 1928இல் தொடங்கிய 'யோஷ்', 1930இல் தொடங்கிய 'சீஷ்' போன்ற குழந்தைப் பத்திரிகைகளும் அரசுப் பதிப்பகத்தின் குழந்தைப் பிரிவும்தான். போதாக்குறைக்குக் குழந்தைகளைக் கண்டாலே தனக்கு ஆகாது என்று வேறு எழுதிவைத்திருக்கிறார்.

ஆனால் பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் இந்தப் பிளவு நிற்பதில்லை. இரண்டிலும் ஓடுவது ஒரே இயந்திரம்தான்.

கதை என்று நாம் பழகியிருப்பது 'அதனால்' என்ற சொல்லின் முதுகில் ஏறிப் போகிற ஒன்று. அம்மா திட்டினாள், அதனால் பையன் ஓடிப்போனான். ஹார்ம்ஸ் இந்த 'அதனால்' என்பதைக் கழற்றி எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'அடுத்தது' என்பதைப் பொருத்துகிறார். காரணம் போய் எண்ணிக்கை வருகிறது. 1929இல் வந்த ஒரு குழந்தைக் கதைக்குத் தலைப்பே 'முதலாவதாக, இரண்டாவதாக'. (படம் போட்டவர் சாதாரண ஆளில்லை, கட்டப்படாமலே புகழ்பெற்ற கோபுரத்தை வடிவமைத்த தாத்லின்.) பாடிக்கொண்டே நடக்கும் இரண்டு பையன்கள் ரொம்பக் குள்ளமான ஆள் ஒருவனையும் ரொம்ப நீளமான ஆள் ஒருவனையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். எதற்கு? கேட்கக்கூடாது. முதலாவது ஆச்சு, இரண்டாவது ஆச்சு, மூன்றாவது என்ன? இதுதான் கதையின் மொத்த உந்துவிசை.

பெரியவர்களுக்கான 'சானெட்' என்ற துண்டுக்கதையில் இதே இயந்திரம் மக்கர் பண்ணுகிறது. ஏழு முதலில் வருமா, எட்டு முதலில் வருமா என்று ஒருவனுக்கு மறந்துபோகிறது. அக்கம்பக்கத்தாருக்கும் மறந்துபோகிறது. கடைக்காரியைக் கேட்கிறார்கள், பூங்காவுக்குப் போய் மரங்களை எண்ணிப் பார்க்கிறார்கள், ஆறுவரை வந்து சிக்கிக்கொள்கிறார்கள். நல்லவேளையாக ஒரு குழந்தை பெஞ்சிலிருந்து விழுந்து தாடையை உடைத்துக்கொள்ள, சண்டை மறந்து எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள். காரணத்தை ஏற்கெனவே இழந்துவிட்ட உலகத்தில் எண்ணிக்கையும் போனால் என்ன மிஞ்சும் என்பதை ஒரு பக்கத்துக்குள் காட்டிவிடுகிறது இது. இந்தக் கதையை எழுதக்கூடியவர் குழந்தைகளுக்குக் கணக்குப் பாட்டு எழுதியவர் மட்டும்தான்.

கணக்குப் பாட்டு என்று நான் சொல்வது 'மில்லியன்'. நாற்பது பையன்கள் தெருவில் வரிசையாகப் போகிறார்கள். நாற்பது என்று சொன்னதும் பாட்டு அதை உடைத்து எண்ணத் தொடங்குகிறது: முதலில் ஒரு நாலு, பிறகு நாநான்கு பதினாறு, மறுபடி ஒரு பதினாறு, கடைசியில் ஒரு நாலு. கூட்டிப் பாருங்கள், கணக்கு உதைக்காது. அப்புறம் பெண்பிள்ளைகள் வருகிறார்கள், அவர்களையும் இதே மாதிரி எண்ணுகிறது. சதுக்கத்துக்குள் திரும்பினால் அங்கே நிற்பது ஏறக்குறைய ஒரு மில்லியன் பேர். எப்படித் தாவினோம்? சந்தம் தாவியது, நாமும் தாவிவிட்டோம். முதல் ஐந்தாண்டுத் திட்டம் 1928இல் தொடங்கி, நாடே எண்களால் பேசிக்கொண்டிருந்த காலத்தில் வந்த பாட்டு இது.

1931 டிசம்பரில் ஹார்ம்ஸும் அவருடைய நண்பர் வ்வெதென்ஸ்கியும் வேறு சிலரும் கைதானார்கள். குழந்தை இலக்கியத்துக்குள் சோவியத் எதிர்ப்புக் குழு நடத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. பின்னாளில் வெளிவந்த விசாரணைப் பதிவில் ஹார்ம்ஸ் தன் குழந்தைப் பாடல்களுக்குத் தானே உரை எழுதுகிறார். 'மில்லியன்' ஏன் சோவியத் எதிர்ப்புப் பாட்டு? பயனியர் இயக்கம் என்ற பொருளை வேண்டுமென்றே வெறும் அணிநடையாக்கினேன், அந்த நடையைச் செய்யுளின் சந்தத்திலேயே ஏற்றினேன், வாசிக்கும் குழந்தையின் கவனத்தை எண்களின் சேர்க்கைப் பக்கம் திருப்பிவிட்டேன் என்கிற பொருளில் போகிறது வாக்குமூலம். 'இவான் இவானிச் சமோவார்' பாட்டுக்கும் இப்படித்தான். வீட்டார் ஒவ்வொருவராக வந்து தேநீர் பிடித்துக்கொண்டு போக, நேரம் கழித்து எழுந்த பையனுக்குச் சொட்டு மட்டும் மிஞ்சுகிறது. சோம்பேறிக்குக் கிடையாது என்ற நீதி வேறு வாலில் தொங்குகிறது. அதுவும் அதைக் காப்பாற்றவில்லை. சோவியத் யதார்த்தத்திலிருந்து முழுசாக விலகி நிற்பதே அதன் குற்றம்.

வாக்குமூலம் யாருடைய சொற்களில் எழுதப்பட்டது, எந்தச் சூழலில் கையெழுத்து வாங்கப்பட்டது என்பதெல்லாம் விளக்கவேண்டியதில்லை. சங்கடம் வேறு. 'மில்லியன்' பற்றி இதைவிடத் துல்லியமான விமர்சனத்தை நான் வாசித்ததில்லை. பொருள் கழன்று சந்தம் மட்டும் நடக்கிறது, குழந்தை எண்களோடு விளையாடப் போய்விடுகிறது. உண்மைதானே? 'வேண்டுமென்றே', 'எதிர்ப்பு' என்கிற இரண்டு சொல்லை மட்டும் காவல்துறை மேலே ஒட்டுகிறது. காரணமில்லாத பிரதியை அதிகாரத்தால் தாங்கமுடியாது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டாவது ஒரு காரணத்தைக் கொண்டுவந்து வைத்தாகவேண்டும் அதற்கு.

இப்போது நம் வாசிப்புக்கு வருவோம். ஹார்ம்ஸின் அபத்தத்தைச் 'சர்வாதிகாரத்துக்கு எதிரான மறைமுகக் கலகம்' என்று கொண்டாடுகிறோமே, அது எந்த வாசிப்பு? விசாரணை அதிகாரியின் அதே வாசிப்புதான். அவர் தண்டனை கொடுத்தார், நாம் மாலை போடுகிறோம். சமோவார் சமோவார்தான், அதில் யாரோ ஒளிந்திருக்கிறார் என்று தேடும் பழக்கம் இரண்டு பேருக்கும் பொது. அர்த்தமின்மை எதையோ மறைக்கும் பூட்டு என்று எடுத்துக்கொண்டால் திறந்த பிறகு அந்தப் பிரதி தேவையில்லாமல் போய்விடுகிறது. குழந்தைகள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பதற்கு இந்த வாசிப்பில் விளக்கம் கிடையாது.

இருந்தாலும் 1937 என்று ஒரு வருஷம் இருக்கிறது. ஹார்ம்ஸ் 1932இல் கூர்ஸ்க் நகருக்கு நாடுகடத்தப்பட்டு அந்த ஆண்டே திரும்பிவந்து மறுபடி குழந்தைகளுக்கு எழுதிக்கொண்டிருந்தார். 1937இல் 'சீஷ்' பத்திரிகையில் ஒரு பாட்டு வந்தது. மூட்டையும் தடியுமாக ஒரு மனிதன் வீட்டைவிட்டுக் கிளம்புகிறான், நேராக நடக்கிறான், காட்டுக்குள் போகிறான், அப்புறம் அவனைக் காணோம். பார்த்தால் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டுப் பாட்டு முடிகிறது. இங்கேயும் காரணம் இல்லை. ஆனால் அந்த வருஷம் லெனின்கிராடில் ஒவ்வொரு மாடிப்படியிலும் காரணம் இல்லாமல் ஆட்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். ஹார்ம்ஸின் நண்பரும் குழந்தைப் பத்திரிகை ஆசிரியருமான ஒலெய்னிகோவ் அந்த நவம்பரில் சுட்டுக்கொல்லப்பட்டார். பிரதி மாறவே இல்லை, வெளியே இருந்த நாடு ஹார்ம்ஸின் இலக்கணத்துக்குள் நுழைந்துவிட்டது. பாட்டு வந்த பிறகு ஏறக்குறைய ஒரு வருஷம் யாரும் அவர் எழுத்தை வாங்கவில்லை. பட்டினி பற்றி அந்த மாதங்களின் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

1941 ஆகஸ்டில் மறுபடி கைது. முற்றுகைக்குள் இருந்த நகரத்தின் சிறை மருத்துவமனையில் 1942 பிப்ரவரி 2இல் இறந்தார். குண்டுவீச்சில் சேதமான வீட்டிலிருந்து அவர் மனைவியோடு போய்க் கையெழுத்துப் பிரதிகளைப் பெட்டியில் அள்ளிவந்து காப்பாற்றியவர் நண்பர் திரூஸ்கின். சோவியத் அச்சுக்கு முதலில் திரும்பியவை குழந்தைப் பாடல்கள்தான், 1962இல். ஏழா எட்டா என்று சண்டை போட்டவர்களை உருவாக்கிய அந்த இன்னொரு ஹார்ம்ஸ் புத்தகமாக வர 1988 வரை ஆனது. அதற்குள், தாங்கள் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்த பாட்டு யாருடையது என்று தெரியாத ஒரு தலைமுறை அங்கே வளர்ந்து பெரியவர்களாகியிருந்தது.