கோஸ் தோட்டத்தின் சாம்பல் பூச்சி

உடல் நீளம் ஒரு சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். இலையில் உட்கார்ந்ததும் சிறகுகளை ஓட்டுக்கூரைபோல் மடித்துக்கொள்ளும். அப்போது முதுகில் வெளிர் நிறத்தில் மூன்று வைர வடிவங்கள் வரிசையாகத் தெரியும். நீலகிரியிலும் ஒசூரிலும் முட்டைக்கோஸ், காலிஃபிளவர் போடும் விவசாயிகளுக்கு வைரமுதுகு அந்துப்பூச்சியை வருணிக்கவே வேண்டாம்.

அண்டார்டிகா நீங்கலாக எல்லாக் கண்டங்களிலும் இது உண்டு. கோஸ், நூக்கல், முள்ளங்கி, கடுகு என அந்தக் குடும்பத்துப் பயிர்கள் போன இடமெல்லாம் இதுவும் போய்ச் சேர்ந்திருக்கிறது. காற்று கிடைத்தால் கடலையும் தாண்டும். 1958இல் வட கடலைக் கடந்து பிரிட்டனில் கூட்டம் கூட்டமாக இறங்கியது. 2000ஆம் ஆண்டுக் கோடையில் ஆர்க்டிக் பகுதியின் ஸ்வால்பார்டு தீவுகள்வரை போனது.

வெப்ப நாடுகளில் ஓர் ஆண்டுக்குள் 20 தலைமுறைகூடக் காணும். என் கவலை இங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு முறை மருந்தடிக்கும்போதும் தப்பிப் பிழைத்தவற்றின் வாரிசுகள்தான் தோட்டத்தை நிரப்புகின்றன. 1953இல் ஜாவாவில் டி.டி.டி. இதனிடம் பலிக்கவில்லை. பாதுகாப்பானதென்று நம்பிய பி.டி. பாக்டீரியாத் தெளிப்புக்கும் ஹவாய்த் தோட்டங்களில் இது பழகிவிட்டது 1990இல் தெரியவந்தது. மருந்து கேட்கவில்லை என்றால் அளவைக் கூட்டுகிறோம், இரண்டைக் கலக்கிறோம், அறுவடை நெருங்கும்போதும் அடிக்கிறோம். இந்தப் பூச்சியின் புழுவுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் சிறு குளவிகள் இதில் மடிகின்றன. மருந்தின் மிச்சம் காயோடு சந்தைக்கு வருகிறது.

புழு தின்று ஓட்டை விழுந்த கோஸை வியாபாரி தொடமாட்டார், அடிக்காமல் என்ன செய்வது என்று விவசாயி கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் நம் நாட்டு வயல்களிலேயே சோதித்துப் பார்த்த வழி ஒன்று இருக்கிறது: 25 வரிசை கோஸுக்கு 2 வரிசை கடுகு. ஒன்றைக் கோஸ் நடுவதற்கு 15 நாள் முன்பும், மற்றதை நட்டு 25 நாள் கழித்தும் விதைக்க வேண்டும். தாய்ப்பூச்சி முட்டையிடக் கடுகைத்தான் தேடிப்போகும். அங்கே மட்டும் மருந்தடித்து அழித்துவிடலாம்.

இந்த வழி நிலைக்க வேண்டுமானால் வாங்குகிறவர்களும் மாற வேண்டும். மேலிலையில் ஓரிரு ஓட்டை இருப்பதற்காகக் கோஸை ஒதுக்காதீர்கள். அந்த இலையை உரித்துப் போட்டால் போதும். ஒரு புள்ளிகூட இல்லாத காய்தான் வேண்டும் என்று நாம் கேட்கும்வரை, அறுவடைக்கு முந்தைய அந்தக் கடைசி மருந்து நிற்காது.