பிரசவ டாக்டர் ஜனாதிபதி ஆனார்!

குழந்தைகளே, ஓர் ஆஸ்பத்திரிக்கு 'எருமைத் தொழுவம்' என்று பெயர் வைப்பார்களா?

சிங்கப்பூரில் அப்படி ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. அதன் பழைய பெயர் 'கண்டாங் கெர்பாவ்'. மலாய் மொழியில் இதற்கு எருமைத் தொழுவம் என்று பொருள். நம்மவர்கள் அதிகம் கூடும் லிட்டில் இந்தியா பகுதியை ஒட்டி இந்த ஆஸ்பத்திரி உள்ளது. ஒரு காலத்தில் அங்கே இந்தியர்கள் மாடு, எருமை வியாபாரம் செய்தார்கள். அதனால்தான் இந்தப் பெயர். இப்போதும் அங்கே ஒரு தெருவுக்கு 'எருமைச் சாலை' என்ற பொருளில்தான் பெயர் இருக்கிறது.

1924ஆம் ஆண்டு அங்கே இலவச பிரசவ ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். அப்போது இருந்தவை வெறும் 30 கட்டில்கள். அங்கே வேலைக்குச் சேர்ந்த ஓர் இளம் டாக்டர், பிற்காலத்தில் அந்த நாட்டுக்கே ஜனாதிபதி ஆனார். அவர்தான் டாக்டர் பெஞ்சமின் ஹென்றி ஷியர்ஸ். அவரைப் பற்றித் தெரிந்து கொள்வோமா?

எளிய வீட்டுப் பிள்ளை

ஷியர்ஸ் 1907ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12 அன்று சிங்கப்பூரில் பிறந்தார். அவருடைய அப்பா ஆங்கிலேய வம்சாவளியைச் சேர்ந்தவர். அம்மா சீன, ஸ்பானிய வம்சாவளி. ஐரோப்பிய, ஆசிய வம்சங்கள் இப்படிக் கலந்த குடும்பத்தினரை அங்கே 'யுரேஷியர்' என்பார்கள்.

அப்பாவுக்குப் பொதுப்பணித் துறையில் மேற்பார்வையாளர் வேலை. வசதியான குடும்பம் இல்லை. ஆனால் பையனுக்கு டாக்டர் ஆக வேண்டும் என்று ஆசை. செயின்ட் ஆண்ட்ரூஸ் பள்ளியிலும் ராபிள்ஸ் பள்ளியிலும் படித்தார். 1923ல் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1929ல் டாக்டர் பட்டத்துடன் வெளியே வந்தார்.

டாக்டர் ஆனால் போதுமா? அப்போது சிங்கப்பூர் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. ஆஸ்பத்திரிகளில் உயர்ந்த பதவிகள் எல்லாம் ஆங்கிலேய டாக்டர்களுக்குத்தான். உள்ளூரில் படித்தவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவர்களுக்குக் கீழேதான் வேலை பார்க்க வேண்டும். ஷியர்ஸ் அதற்காகச் சோர்ந்து போகவில்லை. 1931ல் கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, பிரசவ மருத்துவத்தைக் கரைத்துக் குடித்தார்.

மேலே வெட்டுவதா, கீழே வெட்டுவதா?

உங்களில் சிலர் 'சிசேரியன்' மூலம் பிறந்திருப்பீர்கள். வேண்டுமானால் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். சில சமயம் குழந்தை இயல்பாகப் பிறக்க முடியாமல் போகும். அப்போது அம்மாவின் வயிற்றையும் கருப்பையையும் கீறி, குழந்தையை வெளியே எடுப்பார்கள். அதுதான் சிசேரியன்.

இப்போது இது சாதாரணம். அந்தக் காலத்திலோ உயிருக்கே ஆபத்தான ஆபரேஷன்! ஏன் தெரியுமா?

கருப்பையைத் தலைகீழாகப் பிடித்த பேரிக்காய் மாதிரி நினைத்துக் கொள்ளுங்கள். மேல் பகுதி அகலம். அங்கே தசை தடிமனாக இருக்கும். ரத்த ஓட்டமும் அதிகம். பழைய முறையில் டாக்டர்கள் இந்த மேல் பகுதியில்தான் கீறினார்கள். அதனால் ரத்தம் நிறைய வெளியேறியது. குழந்தை பிறந்த பிறகும் மேல் பகுதி சுருங்கி விரிந்து கொண்டே இருக்கும். அதனால் தையல் சரியாக ஆறாது. அடுத்த பிரசவத்தில் அந்த இடமே கிழிந்து போகலாம். போதாக்குறைக்கு, புண்ணில் கிருமி புகுந்தால் அது வயிறு முழுக்கப் பரவிவிடும். அதைத் தடுக்க அப்போது பெனிசிலின் போன்ற மருந்துகளும் புழக்கத்தில் இல்லை.

கருப்பையின் கீழ்ப் பகுதி அப்படி இல்லை. அங்கே தசை மெல்லியது. கீறினால் ரத்தம் குறைவாகவே வரும். தையலும் நன்றாக ஆறும். மேலே ஒரு மெல்லிய சவ்வு போர்வை மாதிரி மூடிக்கொள்வதால், கிருமி எளிதில் பரவாது.

இந்த முறையை ஷியர்ஸ் கண்டுபிடிக்கவில்லை. ஸ்காட்லாந்து டாக்டர் மன்ரோ கெர் போன்றவர்கள் இதற்கு முன்பே இதை வலியுறுத்தி வந்தார்கள். ஆனால் சிங்கப்பூரில் பழைய முறையே நடந்து வந்தது. அதை மாற்றி, கீழ்ப் பகுதியில் கீறும் முறையை அங்கே கொண்டு வந்தவர் ஷியர்ஸ். அதன் பிறகு எத்தனையோ அம்மாக்கள் பிழைத்தார்கள். இன்று உலகெங்கும் பெரும்பாலான சிசேரியன்கள் இந்த முறையில்தான் நடக்கின்றன.

போர் வந்தது

1940ல் இங்கிலாந்து சென்று மேல்படிப்பு படிக்க ஷியர்ஸுக்கு உதவித்தொகை கிடைத்தது. ஆனால் அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்து கொண்டிருந்தது. அவரால் போக முடியவில்லை.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. ஆங்கிலேய டாக்டர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். எங்கும் உணவுப் பஞ்சம், மருந்துப் பஞ்சம். ஆனாலும் குழந்தைகள் பிறப்பது நிற்குமா? மகப்பேறு பிரிவின் தலைமைப் பொறுப்பு ஷியர்ஸின் தோளில் விழுந்தது. 'உள்ளூர் டாக்டர்களால் தனியாகச் சமாளிக்க முடியுமா?' என்று இனி யாரும் கேட்க முடியாதபடி, அவரும் மற்ற உள்ளூர் டாக்டர்களும் வேலை செய்து காட்டினார்கள்.

போர் முடிந்ததும், தள்ளிப்போன படிப்பு நினைவுக்கு வந்தது. ஏறக்குறைய நாற்பது வயதில் லண்டன் சென்றார்! 1948ல் அங்கே மகப்பேறு மருத்துவர்களுக்கான உயர்ந்த தேர்வில் வெற்றி பெற்றார். ஊர் திரும்பி, அந்தத் துறையின் முதல் உள்ளூர்ப் பேராசிரியர் ஆனார். ஒரு காலத்தில் ஆங்கிலேயர்களுக்கு மட்டுமே என்றிருந்த நாற்காலி அது.

தான் கற்றதை அவர் தன்னோடு வைத்துக் கொள்ளவில்லை. இளம் டாக்டர்கள் பலரைப் பயிற்றுவித்தார். 1966ஆம் ஆண்டு அந்த 'எருமைத் தொழுவ' ஆஸ்பத்திரியில் 39,835 குழந்தைகள் பிறந்தன. சராசரியாக ஒரு நாளைக்கு 109 குழந்தைகள். அதாவது 13 நிமிடத்துக்கு ஒரு 'குவா குவா'! கின்னஸ் புத்தகத்திலேயே இது இடம்பிடித்தது. அப்போது ஷியர்ஸ் அரசுப் பணியை விட்டுத் தனியாக மருத்துவம் பார்த்து வந்தார். ஆனால் அவர் போட்டுக் கொடுத்த பாதையில் அந்த ஆஸ்பத்திரி நடந்து கொண்டிருந்தது.

நாட்டின் தலைவர்

சிங்கப்பூர் 1965ல் தனி நாடானது. அதன் முதல் ஜனாதிபதி யூசோப் பின் இஷாக், 1970 நவம்பரில் பதவியில் இருக்கும்போதே காலமானார். அடுத்தவர் யார்? நாடாளுமன்றம் தேர்ந்தெடுத்தது நம் பிரசவ டாக்டரை! 1971 ஜனவரி 2 அன்று, 63 வயதில், ஷியர்ஸ் ஜனாதிபதியாகப் பதவி ஏற்றார். அப்போது பிரதமராக இருந்தவர் லீ குவான் யூ.

நம் நாட்டைப் போலவே அங்கும் அன்றாட ஆட்சியை நடத்துபவர் பிரதமர்தான். ஜனாதிபதி நாட்டின் தலைவர். மலாய்க்காரர், சீனர், தமிழர், யுரேஷியர் என்று பல இனத்தவர் வாழும் சின்ன நாடு அது. யுரேஷியர்கள் அங்கே மிகச் சிறிய சமூகம். அதிலிருந்து ஒருவர் எல்லோருக்கும் தலைவர் ஆனது பெரிய விஷயம் அல்லவா?

பெரிய பதவிக்கு வந்த பிறகும் கண்டாங் கெர்பாவை அவர் மறக்கவில்லை. கௌரவ ஆலோசகராக இருந்து, இளம் டாக்டர்களுக்குத் தொடர்ந்து சொல்லிக் கொடுத்தார்.

மூன்று முறை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஷியர்ஸ், 1981 மே 12 அன்று பதவியில் இருக்கும்போதே காலமானார். அதே ஆண்டு செப்டம்பரில் சிங்கப்பூரில் 1.8 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பெரிய பாலம் திறக்கப்பட்டது. அதற்கு 'பெஞ்சமின் ஷியர்ஸ் பாலம்' என்று பெயர் சூட்டினார்கள். தினமும் ஆயிரக்கணக்கான வண்டிகள் அதில் போகின்றன.

குழந்தைகளே, ஷியர்ஸ் ஜனாதிபதியாக இருந்தது பத்து ஆண்டுகள். அம்மாக்களையும் குழந்தைகளையும் காப்பாற்றியதோ அதைவிடப் பல மடங்கு காலம். சிங்கப்பூர் மக்கள் அவரை இன்றும் தங்கள் நாட்டு மகப்பேறு மருத்துவத்தின் தந்தை என்று போற்றுகிறார்கள். நீங்களும் ஒரு வேலையைக் கற்கும்போது, 'இப்படித்தான் எப்போதும் செய்கிறார்கள்' என்று விட்டுவிடாதீர்கள். 'இதைவிட நல்ல வழி இருக்கிறதா?' என்று கேளுங்கள். அந்தக் கேள்வி ஓர் உயிரையே காப்பாற்றலாம்!